சேந்தமங்கலத்தில் இரண்டு பதில்கள்

யேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரையை விட்டுக் கிளம்பி, திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம் வந்து சேர்ந்தது 1623-இல். கொல்லிமலை அடிவாரத்து ஊர். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது அங்கே ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். அடுத்துப் போன சேலத்தில் அந்த மரியாதை முதலில் கிடைக்கவில்லை. மெல்ல மெல்லத்தான் நிலைமை இளகியது. சேலத்தை ஆண்டவரின் அண்ணன், ஆட்சியுரிமையை இழந்து நின்ற திருமங்கல நாயக்கர், 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். இழப்பதற்கு அரசு இல்லாத அண்ணன் துணிந்தார், அரசில் இருந்த தம்பி துணியவில்லை என்று இதை வாசிக்க இடமுண்டு. ஆனால் அது முழுக்கதை ஆகாது.

290 ஆண்டுகள் கழித்து, 1913-இல், அதே அடிவாரத்திலிருந்து இன்னொருவர் மலையேறினார். அவர் ஜெஸ்ஸி பிராண்ட், இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர். அந்த ஆண்டுதான் ஈவ்லின் ஹாரிசை மணந்திருந்தார். இருவரும் கொல்லிமலை வாழவந்தியில் குடியேறினார்கள். பிராண்டின் சபையும் தெ நொபிலியின் சபையும் ஒன்றையொன்று கிறிஸ்தவம் என்று ஒப்புக்கொள்ளவே தயங்கும் அளவுக்கு வேறுபட்டவை. ஆனாலும் இருவர் முன்னாலும் வந்து நின்ற மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். வேதத்தில் சேர்ந்தால் நான் யாராக இருப்பேன், எனக்கு யார் இருப்பார்கள்? அதற்கு இருவரும் சொன்ன பதில்கள் நேரெதிரானவை.

சமயம் மாறத் தயங்குகிறவரைப் பற்றிப் பேசும் பிரசங்கங்கள் அந்தத் தயக்கத்தை விசுவாசக் குறைவு என்று சொல்லி முடித்துவிடும். பயப்படாதே என்று வேதவசனம் சொல்லும்; பயத்தில் என்னென்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் அதைப் பிரித்துப் பார்த்தால் கடவுளைப் பற்றிய சந்தேகம் மிகக் கொஞ்சமாகத்தான் தென்படும். மற்றதெல்லாம் மனிதர்களைப் பற்றியது. கொங்கு முறைக் கல்யாணத்தில் அருமைக்காரர் முன்னிலையில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். அவள் வேதக்காரி ஆகிவிட்டால் மணவறைப் பக்கம் வருவாளா? வந்தால் மற்றவர்கள் ஒப்புவார்களா? குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பவர் பட்டியலில் பெயர் இருப்பதுதான் ஒருவன் பங்காளி என்பதற்கே சாட்சி. வரியை நிறுத்தினால் பங்காளி முறை என்னாகும்? அப்பன் செத்தால் கொள்ளி வைப்பது யார், பேரன் நெய்ப்பந்தம் பிடிப்பானா, கோடி போட மாமன் வருவானா? பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது? இவையெல்லாம் கற்பனைப் பயங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் போடும் கணக்கு இது.

தெ நொபிலிக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்திருந்தது. 1606-இல் அவர் மதுரைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு யேசு சபைக் குரு இருந்தார், ஒரு கோயிலும் இருந்தது. கோயிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவர்கள். மதுரைவாசிகள் யாரும் சேரவில்லை. கிறிஸ்தவராவது பறங்கிகளின் குலத்தில் சேர்வது என்றே ஊர் நினைத்தது. மாட்டிறைச்சி, குடி, குளிக்காமை ஆகிய எல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தெ நொபிலி காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தனியே குடியிருந்தார், தமிழும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவருக்கு வடமொழி சொல்லிக்கொடுத்த சிவதருமர் 1609-இல் ஞானஸ்நானம் பெற்றபோது பூணூலைக் கழற்றவில்லை. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் குலத்தின் அடையாளங்கள், சமயத்தின் அடையாளங்கள் அல்ல என்று தெ நொபிலி வாதாடினார். கோவாவில் அவருக்குப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு ரோமுக்குப் போய், கடைசியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623 ஜனவரி 31-இல் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். தெ நொபிலி சேந்தமங்கலம் வந்ததும் அதே ஆண்டுதான்.

ஆக, மாற்றத்துக்கு அஞ்சியவருக்கு அவருடைய பதில் இது: உன் வீடு, உன் குலம், உன் சாப்பாடு, உன் தலைமுடி எதுவும் மாற வேண்டியதில்லை, நீ வணங்குபவர் மாறினால் போதும். பயத்தின் ஆணிவேரையே பிடுங்க முயன்ற பதில் அது. நாயக்கர் வீட்டு மனிதர் ஒருவர் அதைக் கேட்டு வந்தார் என்பதே அதன் வலிமையைச் சொல்லும்.

அதன் விலையையும் சொல்ல வேண்டும். உயர்ந்த குலத்தாரின் குரு தாழ்ந்த குலத்தார் வீட்டுக்குள் போக முடியாது என்ற விதி இதிலிருந்து தானாகவே வந்து சேர்ந்தது. 1640-இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமி வேடத்தில் ஒடுக்கப்பட்டவர்களிடையே பணியைத் தொடங்கினார். ஒரே மறைக்கு இரண்டு வகைக் குருக்கள் ஆயினர். 1704-இல் ரோமின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையும், 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணையும் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தன, முழுதும் அவிழவில்லை. தமிழகத்துக் கத்தோலிக்கக் கல்லறைகள் சிலவற்றில் சாதிவாரியாக இன்றும் நிற்கும் பிரிவுகளைப் பார்க்கிறவர், சிலரின் பயத்தைப் போக்கக் கொடுத்த வாக்குறுதி மற்றவர்கள் தலையில் எப்படி விடிந்தது என்று புரிந்துகொள்வார். உயர்சாதிக்காரருக்கு எதுவும் மாறாது என்பது நல்ல செய்தி. தீண்டாமையிலிருந்து விடுபடத்தான் வேதத்தில் சேர்ந்தேன் என்பவருக்கு அதே வாக்கியம் வேறு மாதிரிக் கேட்கும்.

இடையில் சேலம் நகரம் வேறு வழி ஒன்றையும் பார்த்தது. இலண்டன் மிஷன் சார்பில் 1827-இல் ஹென்றி கிரிஸ்ப் அங்கே பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த லெக்லர் தொழிற்பள்ளி வைத்தார். மாறியவனுக்கு ஊரில் வேலை கொடுக்க ஆளில்லை என்றால் மிஷன் வளாகத்துக்குள்ளேயே தச்சு வேலை கற்றுக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. அப்போதைக்கு இது பசியைத் தீர்த்தது. கூடவே, வளாகத்துச் சுவருக்கு உள்ளே ஒரு தனி இனத்தையும் உருவாக்கியது. பயந்தவர்கள் முன்பு சொன்னதைத்தானே இதுவும் மெய்ப்பித்தது?

கொல்லிமலைக்கு வருவோம். மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் மலை அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. நாடு நாடாகப் பிரிந்த நிலம், ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று அடுக்கடுக்கான தலைமை. வழக்கு, அபராதம், ஊர்விலக்கு எல்லாம் அவர்களுக்குள்ளேயே முடியும். அறப்பளீசுவரரும் எட்டுக்கை அம்மனும் மாசி பெரியண்ணசாமியும் காவல் காக்கும் இடம். சமவெளியில் சொந்தங்களுக்குப் பயந்தார்கள் என்றால் இங்கே அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. சாமி குற்றம். ஒருவன் வழி மாறினால் அவனை மட்டும் சாமி தண்டிக்காது, மழை பொய்க்கும், சாமை கருகும், ஊருக்கே காய்ச்சல் வரும். ஆகவே ஒருவனின் முடிவு ஊரின் விவகாரம்.

பிராண்ட் மருத்துவம் பார்த்தார், பல் பிடுங்கினார், தச்சு வேலை செய்தார், பள்ளி நடத்தினார். ஊர் ஊராக நடந்தார். மக்கள் மருந்துக்கு வந்தார்கள், நன்றி சொன்னார்கள், திரும்பிப் போனார்கள். ஞானஸ்நானத்துக்கு ஒருவரும் வரவில்லை. இப்படியே ஆண்டுகள் போயின. பிராண்ட் தம்பதியரைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதல்வர் உள்ளூர்ப் பூசாரி. அவருக்கு எதிர்க்கக் காரணம் இருந்தது. ஊருக்கும் சாமிக்கும் நடுவில் நிற்பது அவருடைய வேலை.

முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் உலகையே வாட்டிய விஷக்காய்ச்சல் இந்தியாவிலும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். கொல்லிமலையும் தப்பவில்லை. வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடிய நாட்கள் அவை. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். காய்ச்சலில் விழுந்த அந்தப் பூசாரியையும் அவர் மனைவியையும் பார்க்க வேறு யாரும் வரவில்லை. சாகும் தறுவாயில் பூசாரி தன் பிள்ளைகளைப் பிராண்ட் தம்பதியரிடம் ஒப்படைத்தார். பிராண்ட் குடும்பத்தின் வரலாற்றை எழுதிய டாரதி கிளார்க் வில்சன் முதல் பலரும் இதை விவரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மலையில் சபை உருவாகத் தொடங்கியது.

மிஷன் புத்தகங்கள் இதை அன்பின் வெற்றி என்று எழுதும். தவறில்லை. ஆனால் அப்படி மட்டும் எழுதினால் ஒரு புதிர் மிச்சமாகும். அன்பு முதல் நாளிலிருந்தே இருந்ததே? மருந்தும் இருந்தது, போதனையும் இருந்தது. பூசாரி பிள்ளைகளைக் கையில் கொடுத்த நாளில் புதிதாக நடந்தது என்ன? ஊரின் சார்பில் சாமிக்குப் பதில் சொல்லும் அதிகாரம் உள்ளவர், தன் குலக்கொடியை அந்நியர் வீட்டில் விட்டார். அதுவரை மாறுவது என்றால் ஊரை விட்டுக் கழன்று போவது. இனி அந்த வீட்டில் ஊரின் குழந்தை வளர்கிறது, அதுவும் பூசாரியின் குழந்தை. அந்தக் குழந்தைமீது சாமி கோபம் இறங்கவில்லை என்பதை ஊர் நாள்தோறும் கண்ணால் பார்த்தது. அச்சத்தின் இரண்டு பகுதிகளும், சொந்தம் அறுந்துபோகும் என்பதும் சாமி குற்றம் என்பதும், ஒரே செயலில் ஆட்டம் கண்டன. என் கணிப்பில் பிராண்டின் பங்கு இதில் இரண்டாவதுதான். வழியைத் திறந்தவர் பூசாரி.

உலகில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஜான் லோஃப்லண்ட், ராட்னி ஸ்டார்க் இருவரும் 1965-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் அப்போது புதிதாக முளைத்திருந்த ஒரு சிறு சமயக் குழுவைக் கூர்ந்து கவனித்து எழுதியது. கொள்கையால் கவரப்பட்டு உள்ளே வந்தவர்களைவிட, உள்ளே இருந்தவர்களோடு ஏற்பட்ட நெருக்கம் வெளியே இருந்த நெருக்கங்களை மிஞ்சியபோது வந்து சேர்ந்தவர்களே அதிகம் என்பது அவர்கள் கண்டது. ஸ்டார்க் 1996-இல் எழுதிய நூலில் அதே அளவுகோலை ஆதிச் சபைக்கு வைத்துப் பார்த்தார். ரோமப் பேரரசில் 165-இலும், பிறகு 251-ஐ ஒட்டியும் கொள்ளைநோய்கள் பரவின. நோயாளிகளை விட்டு மற்றவர்கள் ஓடியபோது கிறிஸ்தவர்கள் தங்கிப் பார்த்துக்கொண்டார்கள். பிழைத்தெழுந்தவனுக்குப் பழைய சொந்தங்கள் பாதி செத்திருந்தன, பாதி ஓடியிருந்தன, பக்கத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். இந்த விளக்கத்தை மறுக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் கொல்லிமலைக் குடிசைகளை நினைத்துக்கொண்டு படிக்கும்போது அது அப்படியொன்றும் தூரத்துக் கதையாகத் தோன்றவில்லை.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் இருக்கிறது. நோயில் கிடப்பவனுக்குக் கஞ்சி ஊற்றி மதம் மாற்றுவது ஆசை காட்டுவது ஆகாதா? மிஷன் மருத்துவமனைகள் மதமாற்றத்தை உள்நோக்கமாக வைத்திருப்பதைக் காந்தி 1930-களில் திரும்பத் திரும்பக் கண்டித்தார். தமிழக அரசு 2002 அக்டோபரில் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் இதே சந்தேகத்தின் மேல் எழுந்ததுதான். 2004 மே மாதம் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆட்சேபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. உதவியைத் தூண்டிலாக வைத்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். கொல்லிமலை விஷயத்தில் மட்டும் ஒன்றைக் கவனிக்கலாம். மருந்து விலையாக இருந்திருந்தால் அதன் பலன் முதல் வருடமே தெரிந்திருக்க வேண்டும். பல வருடங்கள் மருந்தை வாங்கிக்கொண்டு மதத்தை மறுத்த மக்கள் தங்கள் மனதை விற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது?

பிராண்டின் பதிலை இப்படிச் சுருக்கலாம்: எல்லாம் மாறும், மறைக்கவில்லை, மாறிய பிறகு நாங்கள் உன்னோடு இருப்போம். அந்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். ஜெஸ்ஸி 1929-இல் மலைக்காய்ச்சல் முற்றி அங்கேயே இறந்தார். ஈவ்லின் ஓய்வுபெறும் வயதில் மலைக்குத் திரும்பி வந்து, கல்வராயன், பச்சைமலை என்று மற்ற மலைகளிலும் அலைந்து, 1974-இல் தன் 95-ஆம் வயதில் காலமானார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார். இந்தப் பதிலிலும் ஓட்டை உண்டு. ஒரு குடும்பத்தின் ஆயுளில் தொங்கும் வாக்குறுதி அது. எத்தனை மலைகளில் எத்தனை ஈவ்லின்கள் கிடைப்பார்கள்?

மலையில் மாறியவருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை மலைவாசிகளே அதிகம் பேசுவதில்லை. பட்டியல் பழங்குடியினர் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணையில் மதத்தைப் பற்றிய நிபந்தனை கிடையாது. கிறிஸ்தவரான மலையாளியும் பழங்குடியே. அதே ஆண்டு வெளியான பட்டியல் சாதியினர் ஆணையோ இந்துவாக இருப்பவரை மட்டுமே ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. மலைப்பாதையில் இறங்கிச் சேந்தமங்கலத்துக்கோ இராசிபுரத்துக்கோ வந்தால், வேதத்தில் சேரும் ஆதிதிராவிடரும் அருந்ததியரும் தமிழகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் கேள்விக்குறியாகிறது. ஊர் அவர்களைப் பழைய சாதிப் பெயராலேயே அழைக்கிறது, தாசில்தார் அலுவலகம் மட்டும் புதிய பெயரை எழுதுகிறது. சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-இல் இவர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022-இல் ஆணையம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 26-இல், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை அரசமைப்பின் மீதான மோசடி என்றே குறிப்பிட்டது.

நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பயம் வேறு இடத்தில். சமயம் மாறியதால் சொத்துரிமை போகக் கூடாது என்று 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் சொன்னது. மாறியவரின் பங்கு அவருக்கு உண்டு. ஆனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் படித்தவர்கள் குறைவு: மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்தில் வாரிசாக முடியாது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டப்படி, மதம் மாறிய மனைவி கணவனிடம் தனியே இருந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை இழக்கிறாள். பேரப்பிள்ளைகளின் காடு போய்விடும் என்று ஒரு தாத்தா சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். சட்டப் புத்தகம் அவர் பக்கம் இருக்கிறது.

இதனால்தான் சமவெளியில் மூன்றாவது பதில் ஒன்று உருவாகியிருக்கிறது. அதை எந்த மிஷனரியும் சொல்லிக்கொடுக்கவில்லை. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை மட்டும் வணங்குகிறவர்கள் தமிழகத்தில் பெருந்தொகையாக இருப்பதைக் கள ஆய்வில் கண்டு எழுதினார். அந்த நூல் 1991-இல் வெளியானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசியில் இதேபோல் வாழ்ந்த நாடார் குலப் பெண்களைப் பற்றி எலிசா கென்ட் 2011-இல் எழுதினார். காலையில் பூசையறையைத் துடைத்துக் கோலம் போட்டவர்கள், மனதுக்குள் இயேசுவிடம் பேசியவர்கள்; கணவன் வீட்டார் பலருக்கு இது தெரிந்திருந்தது, தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துப் போதகர்களிடம் பேசினால் இந்த வாழ்க்கை அவர்களுக்குப் புதிதல்ல என்று தெரியும். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும் ஐயா, அப்புறம் முழுக்கு எடுத்துக்கிறேன் என்று சொல்லும் அம்மாக்கள் எந்தச் சபையிலும் உண்டு.

இவர்களை இரட்டை வேடக்காரர்கள் என்று சபையின் ஒரு பிரிவு ஒதுக்குகிறது, கோழைகள் என்கிறது. தெ நொபிலி ஐரோப்பாவிலிருந்து வந்து வாதாடிப் பெற்ற அதே சலுகையை இந்தப் பெண்கள் யாரிடமும் கேட்காமல் தாங்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு முக்கிய வேறுபாடும் இருக்கிறது. அவருடைய ஏற்பாட்டில் உயர்குலத்தார் பயம் நீங்கியது, தாழ்த்தப்பட்டவர் பங்கு குறைந்தது. இவர்களுடைய ஏற்பாட்டில் விலையை இவர்கள் மட்டுமே கொடுக்கிறார்கள். பக்கத்தில் உட்கார ஒரு சபை இல்லாமல், இராப்போஜனம் இல்லாமல், செத்தால் எந்த முறையில் அடக்கம் செய்வார்கள் என்று தெரியாமல். சபைகள் இவர்களுக்காகச் செய்யக்கூடியது ஒன்று உண்டென்றால், முழுக்கு எப்போது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வருவதுதான். சில சபைகள் அப்படிப் போகத் தொடங்கியிருக்கின்றன; பல சபைகள் இன்னும் வருகைப் பதிவேட்டில் பெயரைத் தேடிக்கொண்டிருக்கின்றன.